விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

உடைந்து கிடந்த கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்ததும் சோலைராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விலை பேசி முடித்துவிடலாம் என்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, முந்தின ராத்திரிதான் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார்.

வீட்டை வாங்க வந்த சங்கரபாண்டி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கூட்டிவந்த இன்ஜினியர் சுதாராணிக்கும் கீழே உட்கார்ந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. இந்த ஒரு வீட்டுக்காக வெயிலில் எத்தனை நடை.

பக்கத்து வீட்டிலிருந்து, சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த பூங்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் சோலைராஜின் செத்துப்போன தம்பியின் மனைவி. இந்தக் கல் வீட்டில் அவளும் அவளுடைய ஆடுகளும்தான் குடியிருப்பு.

பத்திரம் மூத்தவர் சோலைராஜ் பேரில் இருக்கிறது. வீடு கைமாறினால் ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கோவில்பட்டியில் ஒற்றை அறைக்குப் போய்த் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்க வேண்டும். போகிறேன் என்றுதான் பூங்கொடியும் சொல்லியிருந்தாள். வேறென்ன சொல்வாள்.

சங்கரபாண்டி கயத்தாற்றில் உரக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, குளுமையாக ஒரு கல் வீட்டில் மிச்சக் காலத்தை ஓட்ட ஆசைப்பட்டார். ஆனால் கரிசல் மண்ணை நம்ப முடியாது. மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும், மேலே நிற்கிற வீட்டையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால்தான் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

சுதாராணி கடைக்கால், உத்தரம், மேல்தளம் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டாள். ஒரு குறையும் இல்லை. பின்சுவரில் ஓடிய விரிசல் மட்டும் பழசா, இன்னும் விரிகிறதா என்று தெரியவில்லை. விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டு அப்பினாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், இரண்டு மாதம் உடையாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றாடம் சாயங்காலம் அதைப் படமெடுத்து அனுப்பும் வேலையைப் பூங்கொடியிடம் கொடுத்திருந்தாள். வீடு போகப்போகிறது என்று தெரிந்தும் அவள் ஒருநாள்கூடத் தவறவில்லை. நேற்றோடு இரண்டு மாதம் முடிந்தது. சாயங்காலம் வந்த படத்திலும் கண்ணாடி முழுசாக இருந்தது.

சோலைராஜ் ஒருவழியாக எழுந்து, கோயம்புத்தூரிலிருந்த மனைவி ராதாமணியை வீடியோவில் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். இந்தப் பணத்தை நம்பி அந்த அம்மாள் மாடி எடுக்கக் கம்பியும் செங்கலும் இறக்கிவைத்திருந்தாள். அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"ஒரே ராத்திரில செவரு எப்படிங்க இழுக்கும்? அவதான் உடைச்சிருக்கா. வீட்ட விட்டுப் போக மனசில்லாம செஞ்ச வேல."

எல்லோரும் பூங்கொடியைப் பார்த்தார்கள்.

"நான் தொடல அத்தான்" என்றாள் அவள். பாயைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு ஆடுகள் பக்கம் போய்விட்டாள்.

சங்கரபாண்டிக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. யாராவது கைவைத்து உடைத்தது என்றால் வீட்டில் குறையில்லை, இப்போதே அட்வான்ஸ் தரத் தயார் என்றார். பையைத் திறந்துகொண்டே சுதாராணியின் முகத்தைப் பார்த்தார்.

சுதாராணி ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சுவர் இழுத்தால் கண்ணாடி விரிசலோடு சேர்ந்து ஒரே கோடாகக் கீறும். இதுவோ நடுவில் அடி வாங்கிப் பொடிப்பொடியாகச் சிதறியிருந்தது. பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வெளியே பூங்கொடி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கவே சுதாராணிக்குப் பாவமாக இருந்தது. சங்கரபாண்டி பக்கம் திரும்பினாள்.

"உடையும்போது நான் பாக்கல அண்ணாச்சி. உடைஞ்ச கண்ணாடிய வச்சுக்கிட்டு வீடு நல்லாருக்குன்னு நான் எழுதித் தர முடியாது. வேணும்னா வேற ஒண்ணு ஒட்டி, இன்னும் ரெண்டு மாசம் பாப்போம்."

அவள் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்துத் தொழிலில் இப்படி வழுக்கலாகப் பேசியது அவளுக்கே பிடிக்கவில்லை.

இன்னும் இரண்டு மாதமா என்று சங்கரபாண்டி அலுத்துக்கொண்டார். கடம்பூர்ப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பையை மூடிவிட்டார். சோலைராஜ் மனைவிக்கும் கேட்கும்படி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே கார்வரைக்கும் போய்க் கெஞ்சினார். விலையைக் குறைக்கிறேன் என்றார், சுவரைப் பூசித் தருகிறேன் என்றார். கார் நிற்காமல் போய்விட்டது. ராதாமணி கொடுத்த வசவை எல்லாம் வாங்கிக்கொண்டு போனைக் கீழே இறக்கினார்.

சுதாராணி தன் சாமான்களை எடுத்துக் கட்டினாள். அப்போதுதான் சுவரோரம் சாய்ந்திருந்த பாய் அவள் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டர்வரை வழியனுப்ப வந்த சோலைராஜிடம் மெல்லக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க வந்து தங்குனா பூங்கொடி பக்கத்து வீட்டுலதான போயிப் படுக்கா? ராத்திரி உள்ள நீங்க ஒராளுதான இருந்தீங்க?"

சோலைராஜ் ஆடுகளுக்கு நடுவே நின்ற பூங்கொடியைத் திரும்பிப் பார்த்தார். போன் அணைந்துதான் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எம் பொண்டாட்டி காதுக்கு மட்டும் போயிரக் கூடாது, மேடம்."