நிதா கொட்டாத ‘உம்’

நிதாவின் ஆராய்ச்சியைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். மனநல ஆலோசனையில் கேட்பவர் எத்தனை முறை ‘உம்’ கொட்டினால் வந்தவர் மனம்விட்டுப் பேசுகிறார் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

லாஸ்பேட்டை ஆலோசனை மையத்தில் அவளுக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். மேசைமேல் ரெக்கார்டர் இருக்கும். எதிரில் பெரிய மார்க்கெட்டில் பூ விற்ற அன்னக்கிளி உட்காருவார். மகன் இறந்ததிலிருந்து யாரிடமும் பேசாதவர்.

முதல் பதிவைப் போட்டு எண்ணியபோது நிதாவின் ‘உம்’ இருபத்திரண்டு இருந்தது. இன்னொரு குரலின் ‘உம்’ ஒன்பது இருந்தது. வயதான, அவசரமில்லாத ஆண் குரல் அது. அடுத்த வாரம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். அந்தக் குரலின் ‘உம்’ பதினான்கு ஆனது.

“இங்க வந்தாத்தாம்மா எனக்குப் பேச்சே வருது,” என்றார் அன்னக்கிளி. “ரெண்டு பேரு ஒக்காந்து கேக்கற மாதிரி இருக்குது.”

எட்டாவது வாரம், “திங்கக்கெழம கடை போடறேம்மா, பூ வாங்க வா,” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

நிதா காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரெக்கார்டரைப் போட்டு, அப்பா இறந்த இந்த இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“அத்தா கடைசியா போன் பண்ணப்போ, நான் வேணும்னேதான் எடுக்கல.”

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். அவள் குரல் முடிந்தது. பிறகு அதே வயதான குரல் நிதானமாக ‘உம்’ கொட்டியது.

நிதா மறுபடி ரெக்கார்டரைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.