இறுகிய கண்ணிகள்

பொலிஸ் சார்ஜன் அசனாரின் இரண்டு கைகளும் காற்சட்டைப் பைகளுக்குள் இருந்தன. ஒன்றில் கைவிலங்கு, மற்றதில் கைத்துவக்கு என்று கண்ணகை நினைத்துக்கொண்டாள்.

"தங்கராசாட வீடு இதானே?"

"ஓம், ஐயா."

"ஆள் எங்க?"

"என்ட மனிசன் திருகோணமலையில, ஐயா. துறைமுகத்தில வேலை." தங்கராசா அவள் தலைக்கு நேர் மேலே, பரணில், பாய்ச் சுருள்களுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான்.

வருசப் பிறப்புக்கு முந்திய கிழமை யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, தூக்கிய மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடியவன் அவன். காட்டு வழியாக நடந்து பனிச்சங்கேணிக்கு வந்து சேர்ந்தான். அப்படி ஓடியவர்களைப் பிடித்து மறியலில் போடுகிறார்கள் என்று வாவிக்கரை முழுவதும் பேச்சு.

"துறைமுகத்தில காணல்லையெண்டுதானே இஞ்ச தேடி வந்திரிக்கன்" என்றபடி சார்ஜன் உள்ளே வந்தார். வாசல்படலையைக்கூடத் தோளால்தான் தள்ளினார்.

கண்ணகை அவசரமாகத் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். "அங்க வை, தங்கச்சி" என்றார். வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. குடித்த வீட்டில் விலங்கு பூட்ட மனம் வராது என்றுதான் தொடவில்லையாக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

சார்ஜன் பாயில் கிடந்ததை நாடியை உயர்த்திச் சுட்டினார். "அதென்ன? தூக்கிக் காட்டு."

"போர்வை, ஐயா." இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள்.

"வெள்ளைக்கார மாலுமி போடுற கம்பளிச் சட்டை மாதிரியெல்லோ இரிக்கு! துறைமுகத்துச் சாமான் உன்ட வீட்டுக்கு எப்படி வந்தது?"

"அம்மாளாணை அப்படியில்ல, ஐயா! இது காத்தான்குடித் தறிக்காரரிட்ட வாங்கின பருத்தி நூல். நான் பின்னினது. மிசன் பள்ளிக்கூடத்தில பழகின நான்."

"மாலுமிட சட்டை மாதிரி நீ எப்படிப் பின்னுவாய்?"

"அது ரெண்டு ஊசியால பின்னிறது. இதுக்கு ஒரே ஒரு கொக்கி ஊசிதான், ஐயா. கண்ணிட தலையில குத்தாம, அதிட ரெண்டு காலுக்கும் நடுவில கவட்டுக்குள்ளால குத்தி இழுத்தா அதே மாதிரித் தெரியும். லேசான வேலை, சின்னப் புள்ளையும் பின்னும். கை மட்டும் இளகி இரிக்கணும். இறுக்கினா அடுத்த வரிசைக்கு ஊசி உள்ள போகா."

"ஊசி எங்க?"

கண்ணகை போர்வையைப் பார்த்தாள். கடைசிக் கண்ணி, கோத்திருக்க ஊசியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சப்பாத்துச் சத்தம் கேட்டதும் ஊசியும் கையுமாகத்தான் தங்கராசா பரணில் ஏறியிருந்தான்.

"இஞ்சதான்... எங்கயோ விழுந்திட்டு, ஐயா."

அந்த நேரம் பார்த்து வளவுக்குள் ஒரு தேங்காய் தொம்மென்று விழுந்தது. பரண் கிறீச்சென்றது. ஒரு பிடி தூசி கொட்டியது. கண்ணகை கண்ணை இறுக மூடினாள்.

திறந்தபோது சார்ஜன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கண்கள் மேலேயே நிலைகுத்தி நின்றன.

'கண்டிட்டார். முடிஞ்சுது' என்று நினைத்தாள்.

ஆனால் அவர் பரணில் ஏறவில்லை. அவள் பிடித்திருந்த போர்வையின் முன்னால் குனிந்து, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"இது நீ பின்னினதா?"

"ஓம், ஐயா."

"பொய். உனக்குப் பழகின கை. கீழ் வரிசையப் பார், கல்லுப் போல இறுகி, கோணிக் கிடக்கு. மேல வர வர இளகுது. கடைசி வரிசை தண்ணி மாதிரி ஓடுது." சார்ஜனின் குரல் தணிந்தது. "அந்தக் கை இப்ப நடுங்கிறல்லையா?"

"இப்ப இல்ல, ஐயா. வந்த புதுசில சோத்த அள்ளினா வாய்க்குப் போகாது, எல்லாம் சிந்திப் போகும். காதுக்குள்ள குண்டு வெடிச்சுக்கொண்டே இரிக்குதெண்டு அழுவார். நான்தான் சும்மா இரிக்காம இதப் பின்னுங்க எண்டு..."

வாயைப் பொத்தினாள். வார்த்தை வெளியே போய்விட்டது. போர்வை கையிலிருந்து நழுவி விழுந்தது.

"கும்பிடுறன், ஐயா! கொண்டுபோயிராதீங்க. அந்த இடத்த இன்னொருக்காக் கண்டா என்ட மனிசன் உசிரோட இரிக்க மாட்டார்!"

சார்ஜன் இரண்டு கைகளையும் மெல்லப் பைகளிலிருந்து வெளியே எடுத்தார்.

விலங்கும் இல்லை, துவக்கும் இல்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுக்கப் போனார். கரையில் கொட்டிய மீன்களாக விரல்கள் துடித்தன. கோப்பை சரிந்து தேத்தண்ணி முழுவதும் நிலத்தில் ஓடியது.

"அண்டைக்கு நானும் துறைமுகத்தில கடமைக்கு நிண்ட நான், தங்கச்சி."

வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

"மேல கிடக்கிற ஆளை அந்த ஊசியோட இறங்கி வரச் சொல்லு, எனக்கும் பழக்கித் தரட்டும்."