மைக்கில் போன கேள்வி

“காலையில, நாட்டுல நடந்த முப்பது வருசச் சண்டை நியாயமெண்டு கத்தினதும் நீதானே மகன்?” பிளேன்டீயை நீட்டியபடி ஸாலிஹா கேட்கிறாள். அஸர் தொழுகைக்கான பாங்கு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. வாசலில், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் மைக்கும் கையுமாக அவளுடைய மகன் இஹ்ஸான். காலையில் ஒரு தலைவருக்கு வோட்டுக் கேட்டுக் கூவினான். இப்போது, அந்தச் சண்டையே அநியாயம் என்கிற மற்றத் தலைவருக்கு.

“ஓம் உம்மா. ரெண்டு பேருக்கும் குரல்தான் குடுக்கிறன், வோட்டு இல்ல.”

“அப்ப அந்தச் சண்டையில உன்ட வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள்ள போனது எதுக்கு? அதச் சொல்லு.”

அவளுடைய கேள்வி தெரு முழுக்க முழங்குகிறது. பாங்குக்காக அணைத்த மைக்கை அவன் பேச்சோடு பேச்சாக மறுபடி போட்டுவிட்டிருக்கிறான். மருதமுனைத் தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக நிற்கிறது. உம்மா அவன் வாயையே பார்க்கிறாள். அந்த மைக் உங்கள் கையில் இருந்தால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?