கசில்டாவின் குழாய்

“வீட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?” என்று, மீட்டர்களைக் கணக்கிட்டு யாருடைய தண்ணீரை நிறுத்தலாமென்று சொல்லும் இயந்திரத்தைப் பற்றி ஒரு சிறுமி ஊர்க்கூட்டத்தில் கேட்டாள். அதன் பிறகுதான், ஆள் நேரில் பார்க்காமல் யாருடைய தண்ணீரையும் நிறுத்தக் கூடாதென்று பொலிவியாவின் கோச்சபம்பா நகர மலைச்சரிவின் தண்ணீர்க் குழு விதி வைத்தது.

ஒருநாள் இயந்திரம் கசில்டாவின் குழாயை அடைக்கச் சொன்னது. மண்சரிவில் அவளோடு புதைந்த வீடு அது; வாசல் குழாயும் மீட்டரும் மட்டும் வெளியே மிஞ்சியிருந்தன. ஆனால் தினமும் ஒரு குடம் செலவாகிறதாம்.

“பேய்க்கும் மீட்டர் ஓட்டுதா உங்க மிஷின்?” என்று சிரித்தார் பக்கத்து வீட்டு எலாடியோ.

“போய்ப் பாத்துட்டுத்தான் அடைப்பேன், அண்ணே,” என்றாள் குழுவில் வேலை பார்க்கும் ரொசெண்டா.

குழாய் வறண்டிருந்தது. மீட்டர் மட்டும் சுழன்றது. அடைக்கப் போன கை தயங்கியது. முன்பொரு வறட்சியில் தன் கடைசிக் குடத் தண்ணீரை ரொசெண்டாவின் கைக்குழந்தைக்குக் கொடுத்தவள் கசில்டா.

யாரும் பார்க்காத வேளையில் ரொசெண்டா வீட்டிலிருந்து ஒரு குடம் சுமந்து வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, அந்தக் குழாயடியில் ஊற்றினாள். நீர் முழுதும் போயிற்று, மண் நனையவில்லை. மீட்டர் மெல்ல நின்றது.