பொங்கல் கேட்ட காலை

திக்குவாய்க்காகத் தாடைக்குக் கீழே புதிதாக ஒட்டியிருந்த வட்ட வில்லை, தசை இறுகியதும் பச்சையாக மின்னி, அதைத் தளர்த்தியது. "பொங்கல்," என்றார் சிதம்பரநாதன், திக்காமல்.

மனைவி இந்திராணிக்கு ஆச்சரியம். "ஓட்டலுக்கு வந்தா எப்பவும் இட்லிதானே கேப்பீங்க?"

"'பொ'ன்னு ஆரம்பிச்சா உதடு ஒட்டிக்கும். அதான் இத்தனை வருஷமா இட்லி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கல்யாணம் பேசினப்போ ரெண்டு ஜாதகம் வந்துச்சு. தரகர்கிட்ட நீங்கதான் என் பேரைச் சொன்னீங்க. அந்த இன்னொரு பொண்ணு பேரு என்ன?"

வில்லை மின்னியது. "பூங்கோதை."

"இப்ப என் பேரைச் சொல்லுங்க."

"இந்திராணி." வில்லை மின்னவில்லை.

"எனக்கு அந்தப் பேரு இருந்திருந்தா, என்னைச் சொல்லியிருப்பீங்களா?"

சிதம்பரநாதன் வாயைத் திறந்தார். வில்லை மின்னவில்லை. பேச்சும் வரவில்லை.