ஒரு கணு ஈரம்

தூறல் விழுந்ததும் காவாந்தண்டலத்தில் ஒருவருக்கும் முகம் மலரவில்லை.

வேறு ஊராக இருந்தால் மழையைக் கண்டு குதித்திருப்பார்கள். இங்கே வயல் பூராவும் புழுதியில் நெல் விதைத்துக் கிடந்தது. ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது நாற்று விட வழி ஏது? காய்ந்த மண்ணை உழுது, நெல்லைத் தூவி, மூடிவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

மண் காய்ந்தே கிடந்தால் நெல்லும் தூங்கும். மழை கொட்டினால் முளைத்துப் பிழைத்துக்கொள்ளும். இந்த இரண்டுங்கெட்டான் தூறல்தான் எமன். மேல்மண்ணை மட்டும் நனைத்து நெல்லை எழுப்பி விட்டுவிட்டு, அது பாட்டுக்குப் போய்விடும். மறுநாள் வெயிலில் முளை கருகிவிடும்.

மறுபடி தூவ யார் வீட்டிலும் விதை கிடையாது. எண்பத்திரண்டின் பஞ்சம் எல்லார் வீட்டுப் பானையையும் வழித்துத் துடைத்திருந்தது.

அதனால் ஊரே வயலில் வந்து நின்றது.

பாஞ்சாலி தங்கள் ஒரு ஏக்கரின் வரப்பில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் தாண்டவராயன் வயலில் குந்தி, ஆள்காட்டி விரலை மண்ணில் குத்தி எடுத்தான். ஈரம் விரலின் ஒரு கணுவுக்கு மேல் இறங்கவில்லை. கீழே அதே புழுதி.

பக்கத்து வயல் செல்லம்மாள் வானத்தை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பெய்வதானால் பெய், இல்லாவிட்டால் ஒழிந்து போ என்றாள். வானம் அவளுக்கு மருமகள் மாதிரி. ஏசி முடித்துவிட்டுப் பாஞ்சாலியின் பக்கம் திரும்பினாள்.

"நீ வேண்டிக்கினே இரு பாஞ்சாலி. உன் வாயி பலிக்கும்."

பாஞ்சாலி கண்ணைத் திறக்கவில்லை.

"வேப்பிலை போட்டு காபந்து பண்ணி வெச்ச நெல்லு இது, அக்கா. ஒண்ணுகூட சொத்த கெடையாது. மழ மட்டும் எறங்கட்டும்" என்றான் தாண்டவராயன். பெண்டாட்டியைப் பற்றி ஊரார் முன்னால் அவன் பெருமை பேசியது அதுதான் முதல் தடவை.

தூறல் மெலிந்தது. மேற்கே மேகம் கிழிந்து வெயில் எட்டிப் பார்த்தது.

தாண்டவராயன் விரலில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்தான். செல்லம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பாஞ்சாலி மட்டும் மெதுவாக மூச்சு விட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் காற்று திரும்பியது.

கிழக்கிலிருந்து வந்தது. சில்லென்று இருந்தது. வறண்ட ஏரிக்கு அந்தப் பக்கம் நின்ற பனைமரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிறகு ஏரிக்கரையே மறைந்தது. என்னவென்று புரிவதற்குள் மழை ஆளை அடித்துத் தள்ளியது.

பேய் மழை. கண்ணைத் திறக்க முடியவில்லை. பாத்தியில் தண்ணீர் நின்றது, வரப்பைத் தொட்டது. செல்லம்மாள் சேற்றில் உட்கார்ந்தபடி ஓவென்று அழுதாள். இது வேறு அழுகை.

தாண்டவராயன் மறுபடி கையை விட்டான். மணிக்கட்டு வரை உள்ளே போனது. ஒரு சாண் ஈரம்.

"வா புள்ள, வந்து கைய வெச்சிப் பாரு."

பாஞ்சாலிக்குக் கால் நகரவில்லை.

விதைப்புக்கு முன்னால் தாண்டவராயன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் பசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தார்கள். ஊர் ஊராகக் கையேந்தினாலும் யாரும் தொடாத மூட்டையை அவள் அவிழ்த்தாள். விதை நெல்லை அவித்தாள். உலர்த்தினாள். ஒரு படி குத்திச் சோறு போட்டாள். மாகறலில் இருக்கும் அண்ணனிடம் விதை கேட்டு வாங்கி, புருஷன் வருவதற்குள் ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்து, மிச்சத்தை அதே கோணியில் கட்டி வைத்தாள்.

அன்று சாயங்காலமே அவன் பஸ்ஸை விட்டு இறங்கினான். உத்திரமேரூரில் மீரான் மைதீன் கடை ரேடியோவில் கடலில் புயல் சின்னம் என்று கேட்டு, கால் தரையில் படாமல் வந்திருந்தான். மறுநாள் விடிவதற்கு முன்பே, இருட்டில், விதைக்கக் கோணியைத் தோளில் ஏற்றினான்.

"இன்னாடி, ஒரு மாதிரி வாட வருது?"

வேப்பிலை போட்டு வைத்தேன் என்றாள். உண்மையைச் சொல்ல அந்த ஒரு நொடிதான் இருந்தது. பயத்தில் அதை விட்டுவிட்டாள்.

அவித்த நெல்லை எந்த மழையாலும் எழுப்ப முடியாது.

அதனால்தான் பொன்னியம்மனிடம் தூறலோடு நின்றுவிடட்டும் என்று கேட்டாள். ஊர் வயலெல்லாம் கருகிப் போனால் ஒரு வயலைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? செல்லம்மாளுக்கும் மூன்று பிள்ளைகள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வேண்டினாள்.

தாண்டவராயன் சேற்றில் சளப் சளப்பென்று நடந்து வந்தான். அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய், தன் கையோடு சேர்த்து மண்ணுக்குள் அழுத்தினான். குளிர்ந்த சேற்றில் அவள் விரலில் ஒரு நெல் இடறியது. தண்ணீர் குடித்து உப்பியிருந்தது.

"ஒரு வாரம் போவட்டும்" என்றான், முகமெல்லாம் தண்ணீர் வழிய. "ஊருல யாரு வயலு மொதல்ல பச்ச காட்டுதுன்னு பாரு."