மூன்றாவது ஆள்

"நீங்க ரெண்டு பேர்தானே? நான் மூணாவதா வரேன்."

டிலிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். மான்செஸ்டர் விமான நிலையத்து ரயில் டிக்கெட் வரிசையில் அவளுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நின்றிருந்தார் அந்த மனிதர். கணுக்கால் வரை கறுப்புக் கோட்டு, சவக்களை தட்டிய முகம். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, வந்த சத்தமே இல்லை.

"எங்க வரீங்க?" என்றான் அவள் கணவன் எம்ரிஸ்.

"நீங்க எங்க போறீங்களோ, அங்க."

எம்ரிஸ் கையிலிருந்த நோட்டை மூடினான். ஸ்பெயினில் விமானம் ஏறியதிலிருந்து அவன் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தான். கொல்வின் பே வரை ரயிலில் ஆளுக்கு முப்பது பவுண்டு. கையில் இருப்பதோ மொத்தமே நாற்பத்து மூன்று. பஸ் மாறி மாறிப் போனால் கட்டுப்படியாகும், ஆனால் போய்ச் சேர இரவு ஒன்பதாகிவிடும். அங்கே, கடைசி நாட்களை எண்ணுகிறவர்களுக்கான இல்லத்தில் டிலிஸின் அக்கா நெஸ்டா கிடக்கிறாள். சாயங்காலம் தாண்டுவதே கஷ்டம் என்று காலையில் போன் வந்தது. அவசரத்துக்கு எடுத்த விமான டிக்கெட், வங்கி அட்டையில் இருந்த பணத்தையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது.

"மூணு பேர் சேர்ந்து போனா மூணுல ஒரு பங்கு தள்ளுபடி," என்றார் கறுப்புக் கோட்டுக்காரர். "ஆளுக்கு இருபதுதான். என் பங்கை நான் குடுத்துடறேன்."

ஆபத்துக்குப் பாவமில்லை என்று மூன்று டிக்கெட்டாக வாங்கினார்கள்.

"பத்து பவுண்டு மிச்சம் பிடிக்க முன்பின் தெரியாதவங்க வாலைப் பிடிச்சுக்கிட்டு வருது பாரு, கஞ்சப் பிசினாறி," என்று கணவன் காதில் பொரிந்தாள் டிலிஸ்.

"நாமளும்தான் மிச்சம் பிடிக்கிறோம்."

"நமக்கு ஒரு உயிர் காத்துக்கிட்டிருக்கு. இந்த ஆளுக்கு என்ன கேடு?"

ரயிலில் அவர் எதிரே உட்கார்ந்தார். பேசவில்லை, பேப்பர் படிக்கவில்லை, கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அதிலிருந்து பாச்சை உருண்டை நெடி அடித்தது. செஸ்டர் தாண்டும்போது மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் டிசம்பர் இருட்டு கவிந்துவிட்டது. வெளியே ஒரே பனி, கடல் எது கரை எது என்று தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் இவர்கள் இருவருக்கும் நடுவில் தெரிந்தது.

டிலிஸ் பத்தாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறு மணிக்குத்தான் விளக்கைக் குறைப்பாங்க, அதுவரைக்கும் உள்ள விடுவாங்க," என்றார் அவர் திடீரென்று. "முன்வாசல் பூட்டியிருக்கும். பக்கவாட்டுல நீலக் கதவு இருக்கு, அதுல போங்க."

அவள் சட்டென்று எம்ரிஸின் தோளைப் பற்றினாள். இல்லத்துக்குப் போகிறோம் என்று இவரிடம் யாரும் சொல்லவில்லையே.

"எம்ரிஸ், எழுந்திரு. வேற பெட்டிக்குப் போயிடுவோம்."

நடைபாதை ஓரத்தில் பின்னல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அவள் கையைத் தொட்டாள். "அவர்கூடவா வரீங்க? செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன். அன்னிக்கு வேற ரெண்டு பேர் இருந்தாங்க. வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தாங்க."

அதற்கு மேல் டிலிஸ் நிற்கவில்லை. அடுத்த பெட்டி வாசலில் டிக்கெட் பரிசோதகர் மறித்தாள். குண்டு உடம்பு, சிரித்த முகம்.

"இது மூணு பேர் டிக்கெட்டாச்சே. மூணாவது ஆள் எங்க?"

"அந்தப் பெட்டியில."

"பிரிஞ்சு உக்காரக் கூடாது கண்ணு. சேர்ந்தேதான் போகணும். இல்லேன்னா முழுக் கட்டணம் கட்டணும்."

"எங்ககிட்ட அவ்வளவு காசில்லைங்க," என்றான் எம்ரிஸ்.

"அப்ப அடுத்த ஸ்டேஷன்ல இறங்க வேண்டியதுதான்."

வேறு வழியில்லாமல் திரும்பி வந்தார்கள். அவர் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் எதிர் இருக்கைகளில் தன் கையுறைகளை ஆளுக்கு ஒன்றாக வைத்திருந்தார்.

"வந்துடுவீங்கன்னு தெரியும்," என்றார்.

மிச்ச தூரமும் டிலிஸ் பையை மார்போடு அணைத்தபடி அவர் முகத்தைப் பார்க்காமலே வந்தாள். அக்கா ஞாபகம்கூட ஓடிவிட்டது, அவ்வளவு பயம்.

கொல்வின் பேயில் இறங்கும்போது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். அவரும் இறங்கினார். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. மேம்பாலத்தில் ஏறிப் பனிக்குள் மறைந்துபோனார்.

டிலிஸ் பெட்டி வாசலில் நின்ற பரிசோதகரிடம் பாய்ந்தாள். "யார் அந்த ஆளு? எங்க வீட்டுச் சாவுக்கு எதுக்குப் பின்னாலயே வரான்?"

பரிசோதகரின் சிரிப்பு மறைந்தது. "முப்பத்தெட்டு வருஷம் இந்தப் பாதையில ரயில் ஓட்டினவர். பேரு கிரிஃபித். இவர் பொண்டாட்டி உயிர் அந்த இல்லத்து நீலக் கதவுக்குள்ளதான் போச்சு. அன்னிக்கு இவர் போய்ச் சேர்றதுக்குள்ள விளக்கைக் குறைச்சிட்டாங்க. அதுலேருந்து அந்த டிக்கெட் வரிசையில போய் நிக்கிறார். அந்த இல்லத்துக்குப் போறோம்னு யாராவது ரெண்டு பேர் காசில்லாம பேசிக்கிட்டா, இவர் காதுல விழுந்துடும்."

"அவரும்தானே பத்து பவுண்டு மிச்சம் பிடிச்சாரு," என்றாள் டிலிஸ். குரலில் பழைய சூடு இல்லை.

"அவருக்கு ஆயுசுக்கும் ரயில் ஓசி கண்ணு. ஆனா பாஸ்ல வரவங்களை மூணாவது ஆளா கணக்குல சேர்க்க மாட்டாங்க. அதான் காசு குடுத்து டிக்கெட் வாங்குறார். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?"

"இருபது."

"அவர் டிக்கெட்டும் இருபதுதான். சரி, நிக்காதீங்க, ஓடுங்க. நீலக் கதவு."